குசினி சிங்க் அடைத்துவிட்டது: அசிட் ஊற்றலாமா?

கோண்டாவில் மருமகள் (சனி, காலை 6.50)

எல்லோருக்கும் வணக்கம். இரவு நித்திரை இல்லை. எழுத்தில் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை மழை தொடங்கிய நாளிலிருந்து எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டின் குசினி சிங்கில் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. போன கிழமை கோப்பைகளைக் கழுவி முடித்து அரை மணித்தியாலம் ஆன பிறகுதான் சிங்கின் அடி தெரிந்தது. காலையில் கொஞ்சம் பரவாயில்லை, பின்னேரம் மோசம். இப்போது அசையவே இல்லை.

இதுவரை செய்தவை: ஒரு வீடியோவைப் பார்த்து அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றினேன். நன்றாகப் பொங்கியது, பார்க்க அழகாக இருந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. மூன்று தரம் கேத்தில் நிறையக் கொதிதண்ணீர் ஊற்றினேன். நேற்று மாலை இவர் ஹாட்வெயார் கடையில் கோஸ்டிக் சோடா வாங்கி வந்து அரைப் பையைக் கொட்டிவிட்டார். சிங்கில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. கொட்டிய நேரம் சிங்கின் அடியைத் தொட முடியாத சூடு.

பக்கத்து வீட்டு அண்ணை, கக்கூஸ் கழுவுகிற அசிட்டில் ஒரு போத்தல் ஊற்றினால் எல்லாம் கரைந்துபோகும் என்கிறார். ஊற்றலாமா? மாமி எதையும் நம்பவில்லை. "நாங்கள் கிணற்றடியில் கழுவின காலத்தில் ஒன்றும் அடைக்கவில்லை" என்று காலையிலிருந்து நான்கு தரம் சொல்லிவிட்டார்.

பழைய மேசன் (சனி, காலை 7.05)

தங்கச்சி, அந்தப் போத்தலை மூடி வையுங்கள். கோஸ்டிக் நிற்கிற தண்ணீரில் அசிட் விழுந்தால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்துக்குத் தெறிக்கும். வீட்டில் வெளுக்கப் பாவிக்கிற குளோரின் தண்ணீரும் இருந்தால் அதையும் எட்டத்தில் வையுங்கள். அதோடு அசிட் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. யன்னல் ஒன்று மட்டும் உள்ள குசினியில் அது விளையாட்டு இல்லை.

முதலில் நிற்கிற தண்ணீரை வெளியே எடுங்கள். நீளமான றப்பர்க் கையுறை, கண்ணாடி, பிளாஸ்டிக் பேணி, பிளாஸ்டிக் வாளி. அலுமினியச் சட்டியால் அள்ள வேண்டாம். கோஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும், அப்போது எரியக்கூடிய ஐதரசன் வாயு வரும். அள்ளியதில் நிறையத் தண்ணீர் கலந்து, கிணற்றுக்கும் மரங்களுக்கும் எட்டவாக ஊற்றுங்கள். கண்ணில் பட்டால் குழாயைத் திறந்து இருபது நிமிடமாவது விடாமல் கழுவிக்கொண்டிருந்துவிட்டு நேரே ஆசுபத்திரி. "பிறகு பார்ப்போம்" என்பது கண்ணுக்குச் சரிவராது.

பிளம்பரைக் கூப்பிடுவதானால் கோஸ்டிக் போட்டிருக்கிறது என்பதை அவர் கை வைக்க முதல் சொல்லுங்கள். சொல்லாமல் விட்ட ஒரு வீட்டில் என் முழங்கைத் தோல் போனது. 1990களில் நடந்தது, அடையாளம் இன்னும் இருக்கிறது.

பிறகு எனக்கு இரண்டு பதில் தேவை. சிங்கின் தண்ணீர் எங்கே போய் விழுகிறது? அந்த இடத்தை யாராவது போய்ப் பார்த்தீர்களா?

ரொறன்ரோ தம்பி (சனி, காலை 7.40)

அக்கா, இங்கே சில வீடுகளில் சிங்குக்கு அடியில் மின்சார அரைப்பான் பூட்டியிருப்பார்கள். மிச்சச் சாப்பாட்டை அரைத்து அனுப்பிவிடும். அதற்கும் மேல் அடைத்தால் நகரசபையின் பிரதான கழிவுக் குழாயில் பிரச்சினையா என்று கேட்டுப் பார்க்கலாம்.

வடமராட்சியான் (சனி, காலை 7.52)

தம்பி, கோண்டாவிலில் பிரதான கழிவுக் குழாய்க்கு நீங்கள் எந்த றோட்டைத் தோண்டச் சொல்கிறீர்கள்? இங்கே அவரவர் வளவுதான் அவரவர் நகரசபை. குசினித் தண்ணீருக்கு ஒரு குழி, கக்கூசுக்கு வேறு குழி, அவ்வளவுதான். அரைப்பான் பூட்டினால் அரைத்த புட்டு முழுவதும் அந்தக் குழியில் கூழாகிக் கிடக்கும்.

(கோபிக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பனியில் எங்கள் அறிவுரையும் இப்படித்தான் இருக்கும்.)

கோண்டாவில் மருமகள் (சனி, காலை 9.30)

மேசன் ஐயா, நன்றி. தண்ணீரை அள்ளிவிட்டோம். அசிட் போத்தலை மாமி எடுத்துத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

குழாய் குசினித் தரைக்குக் கீழே போய், சுவரைக் கடந்து, ஏறத்தாழ இருபது அடி தள்ளி வாழைப் புட்டிக்குப் பக்கத்தில் உள்ள குழியில் விழுகிறது. குழியின் மேல் கொங்கிறீட் மூடி. 2011இல் வீடு கட்டியபோது மூடியது, அதன் பிறகு யாரும் திறக்கவில்லை. இவர் அலவாங்கு போட்டு நெம்பித் திறந்தார். தண்ணீர் குழாய் வாய்க்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. ஆனால் சுவரில் குழாய் வாய்க்கு மேலே வரை ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாக, மெழுகுதிரி உருகி வடிந்ததுபோல் ஏதோ ஒட்டியிருக்கிறது. மணத்தைப் பற்றி எழுதவில்லை.

பழைய மேசன் (சனி, காலை 9.48)

கறுப்புக் கோடுதான் கதையைச் சொல்கிறது. இரண்டு கிழமை அடை மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து குழி நிரம்பிக் குழாய் வாயை மூடியிருக்கிறது. கீழ்வாய் மூழ்கினால் குழாய்க்குள் தண்ணீர் ஓடாது, நிற்கும். நிற்கிற தண்ணீரில் எண்ணெய் மேலே மிதந்து குழாயின் முகட்டில் ஒட்டும், சோறும் தூளும் கீழே படியும். இப்போது மழை விட்டுக் குழித் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒட்டியது ஒட்டியபடி நிற்கிறது.

சிங்க் அடைத்தால் எல்லோரும் சிங்குக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். நான் எப்போதும் முதலில் குழியைத்தான் திறப்பேன். குழி முட்ட நிரம்பியிருந்தால் மேலே எதை ஊற்றினாலும் வீண்.

சிரட்டைக்கரண்டி (சனி, காலை 10.15)

இது தேங்காயெண்ணெய் வேலை. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் உறையும். மார்கழி, தையில் விடியற்காலையில் போத்தலுக்குள்ளேயே வெள்ளையாகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குழாய்க்குள்ளும் அதுதான். நல்லெண்ணெய்க்கு மாறுங்கள், அது உறையாது.

கோண்டாவில் மருமகள் (சனி, காலை 10.22)

அக்கா, அப்படியென்றால் காலையில் அல்லவா மோசமாக இருக்க வேண்டும்? எங்களுக்குப் பின்னேரம்தான் மோசம்.

கிணற்றுத் தண்ணீர் ரீச்சர் (சனி, முற்பகல் 11.05)

பிள்ளை சரியான கேள்வி கேட்டிருக்கிறது. உறைந்தது தேங்காயெண்ணெய் மட்டும் என்றால் வெயில் ஏறியதும் உருகி ஓடியிருக்கும். பின்னேரம் மோசமாவதற்குக் காரணம், பகல் முழுவதும் ஊற்றியது ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து நிற்பது. இரவில் பாவிப்பு இல்லாததால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து காலையில் இடம் வருகிறது.

அந்த வெள்ளைப் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் எல்லோரும் படித்ததுதான், குசினியில்தான் மறந்துவிடுகிறோம். நாங்கள் இருப்பது சுண்ணாம்புக் கல்லின் மேல். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கரைந்திருக்கிறது. கேத்திலின் அடியில் பிடிக்கும் வெள்ளைக் கல் அதுதான். சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் வாளியைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் படிவதும் அதனால்தான். சவர்க்காரத்தில் உள்ள சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கல்சியம் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்படி வருவது கல்சியம் சவர்க்காரம். தண்ணீரில் கரையாது, மெழுகுபோல் ஒட்டும், வெயிலுக்கு உருகவும் மாட்டாது. சட்டியில் மிஞ்சிய எண்ணெயும் நாட்பட்டுச் சிதைந்து கொழுப்பமிலமாகி இதே கல்சியத்தோடு சேரும். இலண்டன் போன்ற நகரங்களின் நிலத்தடிக் கழிவுக் கால்வாய்களில் பாறைபோல் கிடக்கிற கொழுப்பை வெட்டி எடுக்கிறார்களே, அதிலும் பெரும்பங்கு இதே சேர்வைதான்.

இப்போது கோஸ்டிக் சோடாவுக்கு வருவோம். அது புது எண்ணெயைச் சவர்க்காரமாக்கும், உண்மை. ஏற்கனவே கல்சியம் சவர்க்காரமாகிவிட்டதை அது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. புதிதாக உண்டான சோடியம் சவர்க்காரமும் குழாயில் நாலடி போய் எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சந்தித்ததும் மறுபடி கல்சியம் சவர்க்காரமாகி அங்கே ஒட்டும். அடைப்பைக் காசு கொடுத்து இடம் மாற்றியதுதான் மிச்சம்.

அப்பச்சோடாவும் வினாகிரியும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டுக் காபனீரொட்சைட்டாகப் போய்விடும். மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். வினாகிரி வீணாகிறதே என்று இருந்தால், அதைத் தனியே துணியில் நனைத்து, வெள்ளை பிடித்த தண்ணீர்க் குழாயின் வாயில் ஒரு மணித்தியாலம் கட்டி வையுங்கள். அந்தக் கல் கழன்று வரும்.

சிரட்டைக்கரண்டி (சனி, முற்பகல் 11.20)

ரீச்சர், தோற்றேன். ஆனால் நல்லெண்ணெய் விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வடமராட்சியான் (சனி, நண்பகல் 12.10)

இரசாயனம் முடிந்தால் வேலைக்கு வருவோம். எங்கள் வீட்டில் நான் செய்வது: கிணற்று மோட்டரின் ஹோஸ் பைப்பைக் குழியின் பக்கத்திலிருந்து குழாய் வாய்க்குள் விட்டு, சுற்றிவர ஈரத்துணியை இறுக்கி, மோட்டரைப் போடுவேன். மேலே இருந்து கீழே தள்ளினால் அடைப்பு இன்னும் இறுகும். கீழே இருந்து மேலே அடித்தால் வந்த வழியே கழன்று வரும். பத்து நிமிட வேலை.

பழைய மேசன் (சனி, நண்பகல் 12.31)

வடமராட்சியான் சொல்வது நல்ல முறைதான், ஆனால் அவர் எழுதாமல் விட்டதை நான் எழுத வேண்டும். அடித்த தண்ணீர் முழுவதும் எங்கே வரும்? குசினிக்குள் வரும். இந்த வீட்டில் அது கோஸ்டிக் கலந்த தண்ணீர். சிங்குக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு "வருகிறதா?" என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். வேண்டாம்.

ஒழுங்கு இதுதான். முதலில் சிங்குக்கு அடியில் உள்ள போத்தல் ட்ராப்பை (தண்ணீர் தங்கி நிற்கிற, போத்தல் போன்ற பகுதி) கழற்றுங்கள். கீழே வாளி. கையால் திருகவே கழன்றுவிடும். கழலாவிட்டால் துணி சுற்றித் திருகுங்கள், ஸ்பானர் போட்டால் பிளாஸ்டிக் வெடிக்கும். உள்ளே இருக்கும் றப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். திருப்பிப் பூட்டும்போது எல்லோரும் சண்டை பிடிப்பது அந்த வாஷருக்காகத்தான்.

ட்ராப் சுத்தமாக இருந்தால் அடைப்பு நிலத்துக்குக் கீழே. அதற்கு ஊற்றுவதை விட்டுச் சுரண்டுங்கள். பிளம்பர் வைத்திருக்கும் சுருள் ஸ்பிறிங் கம்பியை ஒரு நாளைக்கு வாடகைக்குத் தருகிறார்கள். குழிப் பக்கத்திலிருந்து விடுங்கள். தள்ளும்போது திருகிக்கொண்டே தள்ள வேண்டும். முட்டுகிற இடத்தில் கம்பியில் ஒரு அடையாளம் போடுங்கள். அந்த நீளத்தை நிலத்தின் மேல் அளந்தால் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியும், தரை முழுவதும் கொத்தத் தேவையில்லை.

வழி திறந்த பிறகுதான் மோட்டர். அதற்கும் ட்ராப்பைக் கழற்றியபடி விட்டு, சிங்குக்குக் கீழே வரும் குழாய் வாயில் ஒரு ஹோஸைக் கட்டி வெளியே விடுங்கள். மோட்டரை நிற்பாட்ட முதல் ஹோஸைக் குழியிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நின்ற மோட்டர் குழித் தண்ணீரைக் கிணற்றுக்குள் திருப்பி உறிஞ்சும். இதைச் செய்துவிட்டு ஒரு கிழமை கிணறு இறைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கொதிதண்ணீர் இனி வேண்டாம். பீ.வீ.சி. குழாய் 60 பாகைக்கு மேற்பட்ட சூட்டுக்குச் செய்யப்பட்டதன்று. ஒட்டிய மூட்டு இளகும், குழாய் வளைந்து நடுவில் தொய்யும். தொய்ந்த இடத்தில் மறுபடியும் அடைக்கும். கை பொறுக்கிற சூடு போதும்.

கோண்டாவில் மருமகள் (ஞாயிறு, மாலை 5.15)

முடிந்துவிட்டது! ஒழுங்காகச் சொல்கிறேன்.

ட்ராப்பில் இருந்தவை: மிளகாய் விதை, கறிவேப்பிலை ஈர்க்கு, பொச்சுத் தும்பு ஒரு பந்து, நண்டுக் கால் நுனி ஒன்று, மாமியின் தேயிலைக் கரண்டி. கரண்டி 2019இலிருந்து காணாமல் போனது. வேலைக்கு வந்த பிள்ளை எடுத்துவிட்டதாக இந்த வீட்டில் ஒரு கதை இருந்தது. மாமி கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தப் பிள்ளையின் தாய்க்குப் போன் எடுத்தார்.

ட்ராப்பைப் பூட்டிப் பார்த்தோம், அடைப்பு அப்படியே இருந்தது. சுருள் கம்பியைக் குழிப் பக்கத்திலிருந்து விட்டோம். பதினேழு அடியில் முட்டியது. அளந்து பார்த்தால் சுவரைக் கடக்கிற இடத்தில் உள்ள எல்போ (வளைவு மூட்டு). இவர் திருகத் திருக வெள்ளைக் கட்டிகள் வந்து விழுந்தன. கையால் நசித்தால் மெழுகுபோல், ஆனால் உள்ளே மணல்போல் நறநறத்தது. ரீச்சர், ஒரு துண்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். உருகவில்லை, மேலே ஒரு எண்ணெய்ப் பொட்டு மட்டும் வந்தது. கடைசியில் மோட்டர். வெளியே விட்ட ஹோஸால் வந்ததைப் பார்த்துக் கோழிகள் ஓடிவிட்டன.

இப்போது சிங்கை நிரப்பித் திறந்தால் சுழித்துக்கொண்டு போகிறது. அந்தச் சத்தத்துக்காகவே இரண்டு தரம் நிரப்பினேன்.

இனி இது வராமல் இருக்க என்ன செய்வது?

தீவகத்தான் (ஞாயிறு, மாலை 6.02)

பழைய ஆட்கள் செய்ததுதான் தங்கச்சி. மீன் கழுவின தண்ணீர் தென்னைக்கு, அரிசி கழுவின தண்ணீர் மாட்டுக்கு, சட்டி துலக்கச் சாம்பலும் பொச்சும். வேலணையில் குடிக்கவே தண்ணீர் வாங்குகிறோம். குசினித் தண்ணீரைக் குழியில் விட்டு மூடுகிற ஆடம்பரம் எங்களுக்குக் கிடையாது. வாய்க்கால் வெட்டி வாழைக்கு விடுகிறோம்.

சிரட்டைக்கரண்டி (ஞாயிறு, மாலை 6.20)

ஒன்றரைப் பரப்புக் காணியில் வீடும் மதிலும் மோட்டார் சைக்கிளும் நிற்கிற இடத்தில் மாட்டுக்கு எங்கே போவது அண்ணை? நான் செய்வதைச் சொல்கிறேன்: பொரித்த தாச்சியைக் கழுவ முதல் பழைய கடதாசியால் துடைத்துவிடுவேன். சிங்க் வாயில் கம்பி வலை ஒன்று. கூழ்ச் சட்டி எந்த நாளும் வெளியில்தான். ஒடியல் மா குழாயில் ஒட்டினால் சீமெந்தே தோற்றுப்போகும்.

பழைய மேசன் (ஞாயிறு, இரவு 8.10)

துடைப்பது நல்ல பழக்கம், ஆனால் வீட்டில் ஆறு பேர் சமைத்தால் ஆறு பேரும் துடைக்க மாட்டார்கள். சுவருக்கு வெளியே, குழிக்குப் போக முதல், ஒரு கொழுப்புத் தொட்டி கட்டுங்கள். இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி ஆழம் ஒரு வீட்டுக்குப் போதும். உட்பக்கம் நன்றாகப் பூச வேண்டும். சூட்சுமம் வெளியே போகிற குழாயில்தான் இருக்கிறது: அதில் ஒரு ரீ (T வடிவ மூட்டு) பூட்டி, கீழ்க் கையைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அடி கீழே இறக்கிவிடுங்கள், மேற்கை திறந்திருக்கட்டும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, மேலே மிதக்கும். தண்ணீர் கீழிருந்து எடுபட்டுப் போகும், எண்ணெய் தொட்டியிலேயே நிற்கும். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் மேலே மிதக்கிற எண்ணெயை அள்ள வேண்டும். அள்ளாமல் விட்டால் கட்டியதற்கு அர்த்தமில்லை.

மூடி நுளம்பு புகாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் டெங்கு பார்க்க வருகிறவர்கள் முதலில் திறந்து பார்ப்பது இதைத்தான்.

இன்னொன்று. உங்கள் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்?

கோண்டாவில் மருமகள் (ஞாயிறு, இரவு 8.25)

நாற்பது அடி இருக்கும், ஐயா. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அதைவிடக் குறைவு.

பழைய மேசன் (ஞாயிறு, இரவு 8.44)

ஐம்பது அடியாவது விட வேண்டும் என்று நாங்கள் சொல்வோம். செம்மண்ணுக்குக் கீழே எங்கள் கல் வெடிப்பும் பொந்துமாக இருக்கிறது. மணலில் தண்ணீர் வடிந்து போகும்; இந்தக் கல்லில் வாய்க்காலில் போவதுபோல் போய்விடும், வடிபடாது. இருக்கிற குழியை மாற்ற இடமில்லை என்றால் குறைந்தபட்சம் கோஸ்டிக்கும் அசிட்டும் அதற்குள் போகாமல் பாருங்கள். நீங்கள் ஊற்றுவதைப் பக்கத்து வீட்டார் குடிக்கிறார்கள். அவர்கள் ஊற்றுவதை நீங்கள். அசிட் ஊற்றச் சொன்ன அண்ணைக்கும் இதைச் சொல்லுங்கள்.

கோண்டாவில் மருமகள் (மூன்று கிழமைக்குப் பிறகு, சனி, காலை 8.00)

தொட்டி கட்டியாகிவிட்டது. இன்று முதல் தரம் அள்ளினோம். இரண்டு கிழமையில் ஒரு சிறிய மா ரின் நிறைய வந்தது. இவ்வளவு எண்ணெயா சாப்பிடுகிறோம் என்று இவர் பயந்துபோய் நிற்கிறார். மாமி கதிரை போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தார். கிணற்றடிக் காலத்தைப் பற்றி இன்று ஒரே ஒரு தரம்தான் சொன்னார்.

ஒரு சந்தேகம். அள்ளியதை வேலி ஓரத்தில் முழங்கை ஆழத்தில் தாட்டோம். அரை மணித்தியாலத்தில் நாய் கிண்டிவிட்டது. எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும்?

பழைய மேசன் (சனி, காலை 8.12)

இரண்டு அடி. மேலே ஒரு கல்லையும் தூக்கி வையுங்கள்.